துபாயிலிருந்து வந்த ஆயில் பம்ப்

என் கணவர் கப்பலில் இரண்டாம் என்ஜினியர். வீட்டு உயரத்துக்கு நிற்கும் என்ஜின்களோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்திவிட்டு வருகிறவர். அதனால் எதையும் ஒரு சுற்று பெரிதாகவே வாங்குவார். நான் துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிக்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் பொதுவான பைத்தியம், மாப்பிள்ளையூரணியில் வாடகை ஷெட்டில் நிற்கும் ஒரு பழைய கார். அவருடைய விடுமுறையில் அதன் என்ஜினைப் பிரித்துப் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தோம். ஓட்டப்போவது நான்.

பிஸ்டன் வரைக்கும் ஒத்துப்போனவர்கள் ஆயில் பம்ப்பில் முட்டிக்கொண்டோம். அவருக்கு நிறைய எண்ணெய் தள்ளும் பெரிய பம்ப் வேண்டும். கம்பெனி அளவிலேயே புதிதாக ஒன்று போதும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் விறைப்பாக்கலாம் என்றேன் நான். சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இடைவெளி கூடுதலாக இருந்தால்தான் பெரிய பம்ப்புக்கு வேலை. இல்லையென்றால் வேகம் ஏற ஏற எண்ணெயை எல்லாம் மேலே அனுப்பிவிடும். அது வடிந்து இறங்குவதற்குள் அடியில் தொட்டி காலியாகி, பம்ப் காற்றைக் குடிக்கும்.

"ஏளா, ரத்தம் கூட ஓடுனா ஒடம்புக்குக் கெடுதலா?" என்றார்.

"ரத்தக் கொதிப்புன்னு ஒண்ணு இருக்குல்லா," என்றேன்.

அவர் விடவில்லை. துபாயில் வேலை பார்க்கும் காயல்பட்டினத்து நண்பர் ஒருவரிடம் சொல்லிவைக்க, அந்த நண்பர் ஊருக்கு வரும்போது பெரிய பம்ப்பை வாங்கி வந்துவிட்டார். நான் வாங்கியதும் ஷெட்டில் தயாராக இருந்தது. என்ஜினைக் கோக்க வேண்டிய வாரம் பார்த்து துறைமுகத்தில் ஒரு கிரேன் படுத்துக்கொண்டது. அவரே தனியாகப் பூட்டினார். எதைப் பூட்டினீர்கள் என்று கேட்டதற்கு, எதைப் பூட்டணுமோ அதை என்று மீசையைத் தடவினார். துபாய்க்காரன்தான் உள்ளே போயிருக்கிறான் என்று முடிவு செய்துகொண்டேன்.

பந்தயம் கோயம்புத்தூர்ப் பக்கம். தடத்தைப் பார்த்ததைவிட எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் இதோ விழப்போகிறது என்று பயந்தேன். கொஞ்சம் விழுந்து காட்டினால் தேவலை என்றும் இருந்தது. முள் அசையவில்லை. நான்காவதாக வந்தேன். இறங்கியதும், கூட வந்திருந்த அந்த நண்பர் முன்னாலேயே, நீங்கள் சொன்ன பம்ப்தான் சரி என்று ஒப்புக்கொண்டேன். என் கணவர் மகா அடக்கமாகத் தலையாட்டினார். நண்பர் மட்டும் ஏனோ இருமிக்கொண்டே தண்ணீர் தேடிப் போனார்.

சில நாள் கழித்து அந்த நண்பரைக் கடைத்தெருவில் பார்த்தேன். பம்ப்புக்காக மறுபடியும் நன்றி சொன்னேன். அவருக்குத் தாங்கவில்லை.

"மைனி, அதை மச்சான் பூட்டவே இல்ல. பெட்டியைக்கூடப் பிரிக்காம எங்கிட்டயே திருப்பித் தந்துட்டாரு. உள்ள கெடக்குறது நீங்க வாங்குனதுதான்."

தன் பெயரை இழுக்க வேண்டாம் என்று கெஞ்சிவிட்டுப் போனார். இழுக்கவில்லை. அன்று சாப்பிடும்போது பெரிய பம்ப்பின் பெருமையை எடுத்துவிட்டேன். மறுநாளும் அதே பேச்சு. அவர் சோற்றைச் சீக்கிரமாக முடித்துக்கொண்டு எழ ஆரம்பித்தார். மூன்றாம் நாள், என் தங்கை மாப்பிள்ளையும் தன் காருக்கு அதே பம்ப்பைக் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவார், நம் என்ஜினைத் திறந்து காட்டுங்கள் என்றேன். வாய்க்குப் போன கவளம் அப்படியே நின்றது.

"தெறக்காண்டாம்," என்றார். "அங்கன இருக்குறது ஒன் பம்ப்தான்."

பேரிங் இடைவெளியை அளந்து பார்த்தாராம். எல்லாம் கச்சிதமாக இருந்ததாம். அதற்குப் பிறகு பெரியதைப் பூட்டக் கை வரவில்லையாம்.

"அதைச் சொல்லுததுக்கு என்ன?"

"சொன்னா நீ ஆடுவ. கப்பல் ஏறுத வரைக்கும் நாந்தான தாங்கணும்."

நியாயமான பயம்தான். தங்கை மாப்பிள்ளையை நான் உண்மையில் கூப்பிட்டிருக்கவே இல்லை. கை கழுவியதும் முதல் வேலையாகக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும், பம்ப்பைத் தேர்ந்தெடுத்த கதையை என் கணவர் வாயாலேயே சொல்லவைத்தேன். அவர் அவசரமாகத் தாண்டிப்போன இடங்களில் நிறுத்தி, முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.