பொதுச் சுவரில் ஓர் ஓவன்

காரைக்காலில் புது நன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உடுப்புத் தைத்தவள் இசபெல்லா. கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. பூசைக்குப் போகும்போது மட்டும் கழற்றி வைப்பாள் என்று அவள் புருஷன் லூர்துநாதன் சொல்வார். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று சொல்லிவிடுகிற கெட்டிக்காரி. அப்பேர்ப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அளவில் கோட்டை விட்டாள். அதுவும் சட்டை பாவாடையில் இல்லை, ஓவனில்.

ஓவன் ஆசை எங்கே தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் வந்தால் அந்தத் தெருவில் கேக் போடாத கிறிஸ்தவ வீடு கிடையாது. மாவு கலப்பது வீட்டில், வேக வைப்பது பேக்கரியில். ரொட்டி எடுத்து முடித்த சூட்டில் வீட்டுத் தட்டுகளை வரிசையாக உள்ளே தள்ளுவார்கள். எது யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொருவரும் தட்டில் ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். இசபெல்லாவின் அடையாளம், விளிம்பில் ஆணியால் கீறிய சிலுவை. பாதித் தெரு அதே சிலுவையைத்தான் கீறி வைத்திருந்தது என்பது எண்பத்திரண்டாம் வருஷக் கிறிஸ்துமஸில்தான் தெரியவந்தது.

மாதக் கணக்கில் ரம்மில் ஊறிய பழமும் முந்திரியும் போட்டு அவள் கலந்த கேக் எந்த வீட்டுக்குப் போனதோ, தின்றவர்கள் வாழ்க. அவளுக்கு வந்து சேர்ந்தது சோம்பு வாசம் அடிக்கிற ஒரு வஸ்து. கத்தி இறங்க மறுத்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அன்றைக்கென்று பார்த்து, மகள் ஆரோக்கியசெல்வியைப் பெண் கேட்டுக் கோட்டுச்சேரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒரு துண்டைக் கடித்தாள், மென்றாள், மேலும் மென்றாள், பிறகு ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு, "பொண்ணுக்கும் அம்மா கைப்பக்குவந்தானா?" என்று கேட்டாள்.

சம்பந்தம் என்னவோ நல்லபடியாகவே முடிந்தது. எண்பத்து நான்கு ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்துக் கல்யாணம் என்று பேச்சு. ஆனால் அந்தக் கேள்வி இசபெல்லாவின் நெஞ்சில் ஊசி மாதிரி நின்றுவிட்டது. அவர்கள் பஸ் ஏறிய கையோடு புருஷனிடம் சொன்னாள்.

"என்னங்க, கல்யாணக் கேக்கு என் கையால, என் வீட்டுல வேகணும். மொத துண்டை நானே கொண்டுபோய் அந்த அத்தை கையில குடுக்கணும். வீட்டுக்கு ஒரு ஓவன் வாங்குறோம்."

லூர்துநாதன் மின்சார ஆபீஸில் மீட்டர் ரீடிங் எடுப்பவர். அதிர்ந்து பேசாத மனுஷர். "வாங்கலாம்மா. எதை வாங்குறது, எங்க வைக்கிறது?" என்றார்.

அதுதான் கேள்வி. இசபெல்லா கையில் இருந்தது சீட்டு எடுத்த ஆயிரத்து இருநூறு ரூபாய். கல்யாணச் செலவு வாசலில் நிற்கும்போது அதற்கு மேல் ஒரு காசு நகராது. கடைத்தெருவில் வட்டமான அலுமினிய ஓவன் இருந்தது. விலை மலிவுதான், ஆனால் கல்யாணக் கேக் தட்டு அதற்குள் நுழையாது. பம்பாயிலிருந்து வந்த பெட்டி ஓவன் ஒன்றும் இருந்தது. தட்டு நுழையும். அதை வைக்க மேஜை வேண்டும், மேஜை போட்டால் சமையல்கட்டில் ஆள் நுழைய முடியாது. அவள் சமையல்கட்டு அப்படி. ரயில் பெட்டி நடைபாதையில் அடுப்பு வைத்த மாதிரி ஒடுக்கமாக இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் தருமபுரத்தில் சொல்தா வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். அந்த சொல்தா காலமாகி, அவர் மனைவி மதாம் சலோமி மகனோடு இருக்கப் பிரான்சுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கட்டில் பார்க்கப் போன இசபெல்லா கட்டிலைப் பார்க்கவே இல்லை. சமையலறைச் சுவரில், முகத்துக்கு நேராக, ஒரு கண்ணாடிக் கதவு. திறந்தால் உள்ளே விளக்கு எரிந்தது.

"இது ஃபூர்," என்றார் மதாம். "ஓவன். செவுத்துலயே பதிச்சது. குனிய வேணாம், மேஜை வேணாம். கேக்கு எழும்புறத நின்னுக்கிட்டே பாக்கலாம்."

குனிய வேண்டாம்! மேஜை வேண்டாம்! இசபெல்லாவுக்குக் கை கால் பரபரத்தது. வந்த சந்தோஷத்தில் அந்தக் கண்ணாடிக் கதவை நாலு தரம் திறந்து மூடினாள். கழுத்து டேப்பை உருவி அகலம் எடுத்தாள், உயரம் எடுத்தாள். தன் வீட்டில் அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவே இருக்கிற சுவரை மனசுக்குள் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தாள். தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. கையிலிருந்த பணத்துக்குள்ளேயே பேசி முடித்துவிட்டாள். லூர்துநாதன் கேட்டதற்கு, "அளவெல்லாம் எடுத்தாச்சுங்க, எனக்குத் தெரியாதா?" என்றாள்.

மறுவாரம் கொத்தனார் சுப்பையன் ஓவனை மதாம் வீட்டுச் சுவரிலிருந்து உருவினார். உருவ உருவ அது வந்துகொண்டே இருந்தது. சுவரில் இருந்தவரை தெரிந்தது அதன் முகம் மட்டும்தான். பின்னால் இரண்டடி நீளத்துக்கு உடம்பு இருந்தது.

"அம்மா, இதோட நீளத்தை அளந்தீங்களா?" என்று சுப்பையன் கேட்டார். இசபெல்லா டேப்பைப் பார்த்தாள், ஓவனைப் பார்த்தாள்.

"மொகத்தை மட்டும் பாத்துப் பொண்ணெடுத்த கதையால்ல இருக்கு," என்றார் லூர்துநாதன். அதிர்ந்து பேசாத மனுஷருக்கும் சில நேரம் வாய் சும்மா இருக்காது. ஆனால் பணம் கொடுத்தாகிவிட்டது, மதாமும் மூட்டை கட்டியாகிவிட்டது. ஓவன் மாட்டுவண்டியில் ஏறி வீட்டுக்கு வந்து, கூடத்தில் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது.

தெருவே வந்து பார்த்தது. கண்ணாடி முகமும் திருகுகளுமாக இருந்ததால் எல்லோரும் அதை டிவி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். "இதுல சிலோன் ரூபவாகினி தெரியுமா?" என்று கேட்டவர்களுக்கு, "இல்லீங்க, இதுல கேக்கு தெரியும்," என்று லூர்துநாதன் சலிக்காமல் பதில் சொன்னார். இசபெல்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சுப்பையன் சமையல்கட்டைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். சுவர் ஓரடி. இந்தப் பக்கம் துருத்தினால் கொல்லைக்குப் போக வழி இருக்காது. துருத்துவதானால் அந்தப் பக்கம்தான் துருத்த வேண்டும். அந்தப் பக்கம் இருப்பது சௌந்தரவல்லியின் சமையல்கட்டு. சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது.

சௌந்தரவல்லி நெரவியில் நிலம் நீச்சு உள்ள குடும்பத்துப் பெண். புருஷன் வைத்தியலிங்கம் கோயில் கணக்குப் பார்க்கிறவர். இரண்டு பெண்களும் இருபது வருஷமாக அக்கா தங்கையாகப் பழகுகிறவர்கள்தான். காப்பிப் பொடியிலிருந்து பிரசவத் துணை வரைக்கும் கைமாற்று நடந்திருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் முட்டை என்ற சொல்லே புழங்காது. முட்டை வேகிற பெட்டியின் பின்பக்கத்தை அவர்கள் சமையல்கட்டுக்குள் நீட்டிக்கொள்ளலாமா என்று எந்த வாயால் கேட்பது?

கேட்டுவிட்டாள். ஒளிக்காமல், முட்டை உட்பட எல்லாவற்றையும் சொல்லியே கேட்டாள். சௌந்தரவல்லி முகம் கொடுக்காமல் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

யோசனை நீண்டுகொண்டே போனது. இசபெல்லாவுக்குத் தையலில் மனசு ஓடவில்லை. ஒரு பிள்ளையின் கவுனுக்கு இரண்டு கையையும் இடது பக்கத்திலேயே வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள். அக்கா மனசு புண்பட்டிருக்குமோ, இருபது வருஷப் பழக்கத்தை ஒரு கேக்குக்காகக் கெடுத்துக்கொண்டோமோ என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. ஓவனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று அவளே சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

அப்படிச் சொன்ன அன்று மத்தியானமே சௌந்தரவல்லி வந்தாள். நேராகக் கூடத்துக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு விஷயம்," என்றாள். "எம் பக்கம் துருத்துறத செங்கல் வச்சு மூடி, மேல வழவழன்னு ஒரு மேடை கட்டித் தரணும். மார்கழிக் குளுருக்கு இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது. வெதுவெதுன்னு இருந்தா பானையை அங்க வச்சுக்குவேன்."

"கட்டிடலாம்க்கா! ரெண்டாவது?"

சௌந்தரவல்லி கதவை மூடிவிட்டுத் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இருந்தது.

"இருவது வருஷமா நீ வெண்ணெயும் சக்கரையும் கொழைக்கிற வாசனை இந்தச் செவுத்தைத் தாண்டி எனக்கு வருது. கிறிஸ்துமஸ் அன்னிக்கு எங்க வீட்டுக்கு நீ அனுப்புறது என்னா? ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பொட்டலம் கல்கண்டு. முட்டை நாங்க தொடமாட்டோம், சரி. முட்டை இல்லாம ஒண்ணு போட்டுக் குடுப்போம்னு உனக்கு ஒரு தடவையாவது தோணுச்சா?"

இசபெல்லாவுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. மரியாதை என்று நினைத்துத்தான் அந்தப் பழத்தை இத்தனை வருஷமும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"நீங்க சாப்புடுவீங்கன்னே நான் நெனைக்கலைக்கா."

"கேட்டாத்தானே தெரியும்? ஊருக்கெல்லாம் அளவெடுக்குற. பக்கத்து வீட்டுக்கு எடுக்கல."

"உங்க வீட்டு ஐயா என்ன சொல்வாரு?"

"அவரு என்ன சொல்றது? அது எங்கப்பா வாங்கிக் குடுத்த வீட்டுச் செவுரு. மொத கேக்கு எனக்கு. அது வெந்தப்பறம் நீ என்னத்த வேணாலும் வேக வச்சுக்க!"

இசபெல்லா அவளைக் கட்டிக்கொண்டாள். கழுத்து டேப் இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

சுப்பையன் சுவரை உடைத்த நாளில் இரண்டு சமையல்கட்டும் ஒன்றாகிவிட்டன. ஓட்டை வழியாகச் சௌந்தரவல்லி தலையை நீட்டி, "அடியே, உன் வீட்டுல இவ்ளோ வெளிச்சமா!" என்றாள். வேலை நடந்த இரண்டு நாளும் காப்பி டம்ளர் ஓட்டை வழியாகவே போய் வந்தது. லூர்துநாதன் ஆபீஸில் எழுதிக் கொடுத்து, கனமான வயர் இழுத்து, பவர் பிளக் வைத்தார். சாயங்காலமானால் ஊரில் கரண்ட் மங்கிவிடும், பகலிலேயே வேலையை முடித்துக்கொள் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

முதல் கேக்குக்கு நெரவியிலிருந்து வெண்ணெயும் கெட்டித் தயிரும் வந்தன. முட்டைக்குப் பதில் அந்தத் தயிரும் ஆப்ப சோடாவும். ரம் இல்லாமல், ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய திராட்சை. இசபெல்லாவுக்கு ஜெபமாலை உருட்டாத குறை. முதல் முயற்சி நடுவில் குழி விழுந்து சோற்றுத் தட்டு மாதிரி வெளியே வந்தது. சௌந்தரவல்லி அந்தக் குழியைப் பார்த்து, "பரவால்ல, இதுல சாம்பார் ஊத்திக்கலாம்," என்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது இருவருக்கும்.

இரண்டாம் தடவை தயிரைக் குறைத்தாள். இரண்டு பெண்களும் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றார்கள். விளக்கு வெளிச்சத்தில் மாவு ஓரத்தில் மெல்ல அசைந்தது, நடுவில் மேடிட்டது, எழும்பியது. எழும்பிக்கொண்டே இருந்தது! "ஏறுதுடி! ஏறுதுடி!" என்று கத்திய சௌந்தரவல்லி வாசல் வழியாகத் தன் வீட்டுக்கு ஓடி, மேடையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடிவந்தாள். "அங்கயும் வெதுவெதுங்குது!"

அந்தக் கேக்கில் முதல் துண்டை அவள் நின்றுகொண்டே தின்றாள். இரண்டாவது துண்டுக்குக் கையை நீட்டினாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலிருந்து ஓவன் ஓய்வில்லாமல் வேலை செய்தது. முட்டையும் ரம்மும் போட்ட மூன்று பெரிய தட்டுகளுக்குப் பிறகு, அக்கா பக்கத்து விருந்தாளிகளுக்காகத் தயிர் போட்ட ஒரு தட்டு. நடுவில் சுவருக்கு அப்பாலிருந்து அலறல். "இசபெல்லா! மாவு பொங்கி மேடையெல்லாம் ஓடுதுடி!" பானை கொள்ளாத இட்லி மாவைக் கல்யாண வீட்டுக் காலைப் பலகாரத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் பந்தலில் ஆரோக்கியசெல்வி கேக்கை வெட்டினாள். சொன்னது போலவே இசபெல்லா முதல் துண்டைத் தட்டில் வைத்துக் கோட்டுச்சேரி அத்தையிடம் தானே கொண்டுபோனாள். அத்தை கடித்தாள், மென்றாள். இந்தத் தடவை தண்ணீர் கேட்கவில்லை. விரலில் ஒட்டிய தூளையும் நக்கிவிட்டு, "அருமையா இருக்குங்க! எந்த பேக்கரியில குடுத்தீங்க?" என்றாள்.

இந்தக் கேள்விக்காகத்தான் இசபெல்லா ஒரு வருஷமாகக் காத்திருந்தாள். பதிலை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பட்டுப்புடவையும் கையில் தயிர்க் கேக் தட்டுமாகச் சௌந்தரவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

"பேக்கரியா? நல்லாச் சொன்னீங்க போங்க! இது எங்க வீட்டுச் செவுத்துல வெந்த கேக்குங்க. கூச்சப்படாம இன்னொண்ணு எடுத்துக்குங்க!"

இசபெல்லா திறந்த வாயை மூடிக்கொண்டாள். அத்தைக்கு இன்னொரு துண்டு வெட்டப் போனாள்.