ரங்கூன் பார்க்கப் பத்து நாள்

என் தங்கைக்கு எழுதத் தெரியாது. கல்யாணமாகி ரங்கூன் போன பிறகு அவளுக்கும் சேர்த்து அவள் புருஷன்தான் கடுதாசி எழுதுவார். அவரும் எங்கள் கொல்லிமலைக்காரர்தான்; அங்கே அரிசி ஆலையில் வேலை. எல்லோரும் சௌக்கியம் என்று முடித்திருப்பார். அதற்குக் கீழே, தாளின் மூலையில், தங்கை மஞ்சளில் தோய்த்த கட்டைவிரலை அழுத்தி அனுப்புவாள். நான் வாசித்து முடித்ததும் அம்மா தாளை வாங்கி அந்த மஞ்சள் ரேகையை முகர்ந்து பார்ப்பாள்.

அந்த வருஷம் மூன்று கடுதாசிகள் மூலை வெறுமையாக வந்தன. முதலாவதற்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வந்தபோது, மறந்திருப்பாள் என்றாள். மூன்றாவது வந்த அன்று சாமை அறுப்பை அப்படியே போட்டுவிட்டுக் காட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவ உசுரோட இருக்கறாளான்னு போய்ப் பாத்துட்டு வா சாமி."

நான் அதுவரை சேலத்தைத் தாண்டியதில்லை. "என்னன்னு சொல்லிப் போறதும்மா?" என்றேன்.

"என்ன ஆச்சுன்னு கேட்டா மாப்பிள்ளை மறைச்சுப்புடுவாரு. ஊரு பாக்க வாரேன்னு எழுது. ஊரு பாக்க வந்தவனை ஊட்டுக்குக் கூட்டிப் போய்த்தானே ஆவோணும்."

அடிவாரத்தில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் ரங்கூனில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். என் வயதுதான் இருக்கும். அவரிடம் போய், ரங்கூனைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன், என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டேன். மனிதருக்கு அத்தனை சந்தோஷம். ஒரு தாளை விரித்துப் பென்சிலால் ஆற்றையும் கப்பல் துறையையும் வரைந்தார்.

"பத்து நாள் போதுங்க. மொத நாளே பொற்கோபுரத்தைப் பாத்துருங்க. செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறோணும். மறுநாள் ஏரிக்கரை. எல்லாத்துக்கும் டிராம் இருக்குது."

தங்கை இருந்த தெருவின் பேரைச் சொல்லி, கோபுரத்திலிருந்து அங்கே எவ்வளவு தூரம் என்று கேட்டேன். சொன்னார். ஏரிக்கரையிலிருந்து? அதையும் சொன்னார். மிருகக்காட்சி சாலையிலிருந்து எப்படிப் போவது என்று நான் கேட்டபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க, ஊரைப் பாக்கப் போறீங்களா, ஆளைப் பாக்கப் போறீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வரைந்த தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

"யாரு கேட்டாலும் ஊரு பாக்கன்னே சொல்லுங்க. வேலைக்கு வந்தவன்னு நெனச்சா இப்பல்லாம் லேசுல எறங்க உடறதில்லை," என்றார். ரயிலில் மெட்ராஸ், அங்கிருந்து கப்பல், நாலு நாள் கடல், ஏறுவதற்கு முன்னால் அம்மைப்பால் குத்திய சீட்டு, எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும்.

மாப்பிள்ளைக்கு எழுதிய அந்தக் கடுதாசியைப் போல ஒன்றை நான் அதற்குப் பிறகு எழுதியதில்லை. பொற்கோபுரத்தைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை, யானை மரம் இழுப்பதைப் பார்க்க வேண்டும், பத்து நாள் தங்கினால் போதும் என்று எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பயந்தவன் எழுதுனாப்பல இருக்குது. ஆசையா எழுது," என்றாள் அம்மா. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. ஒவ்வொரு சந்தை நாளும் மலையிறங்கித் தபால் கேட்டுவிட்டு வெறுங்கையோடு ஏறி வருவேன். கடைசியில் வந்தது. 'மச்சான் தாராளமாக வரலாம். எல்லா இடங்களையும் நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன். தங்கள் தங்கை மட்டும் வெளியூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதற்குள் திரும்புவது சந்தேகம்.'

எங்களுக்கோ அவருக்கோ பர்மாவில் உறவுக்காரர் ஒருத்தரும் கிடையாது.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நான் போய் அம்மை குத்திக்கொண்டேன். கை வீங்கிக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடேயே மூட்டை கட்டினேன். அம்மா சாமையும் மிளகும் தனியாக முடிந்து கொடுத்தாள். "அவ கையில குடு. அவரு கையில குடுத்துராதே."

விடிந்ததும் கிளம்பி அடிவாரத்துக்கு வந்தபோது துணிக்கடைக்காரர் பேப்பரோடு வழியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"போவாதீங்க. ரங்கூன் மேல ஜப்பான்காரங்க குண்டு போட்டுட்டாங்க."

அவர் வாசித்துக் காட்டியும் நான் நிற்கவில்லை. சேலம் போய்ச் சேர்ந்து, ஸ்டேஷன் ஜன்னலில் ரங்கூன் போக வேண்டும் என்றேன். மெட்ராஸுக்கு டிக்கெட் தரலாம், அங்கிருந்து கப்பல் இல்லை என்றார் உள்ளே இருந்தவர். நாளைக்கு இருக்குமா என்றேன். அடுத்த வாரம் இருக்குமா என்றேன்.

"எதுக்குப் போறீங்க?"

"ஊரு பாக்கங்க."

"அதானா? சண்டை முடியட்டும், நிதானமாப் போய்ப் பாத்துக்கலாம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். நான் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

சில மாதங்களில், பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே தப்பி வந்தவர்கள் சேலத்தில் ரயிலிறங்குகிறார்கள் என்று துணிக்கடைக்காரர் சொல்லி அனுப்பினார். நான் போய்ப் போய் நின்றேன். இறங்குகிறவர்களிடமெல்லாம் எந்தத் தெரு என்று கேட்டேன். நாலாவது தடவை போனபோது, தங்கை இருந்த அதே தெருவில் இட்லி விற்ற ஒரு அம்மாள் இறங்கினாள். கால் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. தங்கையை அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அந்தாளு வேற ஒருத்தியக் கூட்டியாந்துட்டானுங்க. இவ கட்டுன சேலையோட வெளிய வந்துட்டா. என்ற ரூம்லதான் இருந்தா, மாவாட்டிக் குடுத்துட்டு. ஊருக்கு எழுதச் சொன்னேன். அம்மா தாங்காதுன்னுட்டா."

குண்டு விழுந்த பிறகு இருவரும் சேர்ந்தேதான் நடந்திருக்கிறார்கள். மலைப் பாதையில் தங்கைக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது.

"நீங்க முன்னால போங்கக்கா, நான் மலைக்காரி, வெரசா வந்து புடிச்சுக்குவேன்னு சொல்லி மரத்தடியில உக்காந்துட்டா. நானும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டேதான் வந்தேன். வரலீங்க."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவளை எதுவும் சொல்லவில்லை. அவளால் என்ன செய்திருக்க முடியும்?

மலையேறும்போது வழியெல்லாம், அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லிவிட்டேன். நின்றபடியே கேட்டாள்.

"அங்க மழை பேஞ்சுதாமா?"

"கேக்கலீம்மா."

"கேட்டிருக்கலாம்," என்றாள்.

உறவுக்காரர்கள் வந்து காரியம் செய்துவிடச் சொன்னார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. செத்ததை யார் பார்த்தது என்று கேட்டாள். மாப்பிள்ளை என்ன ஆனார் என்று தெரியாது, நான் விசாரிக்கவுமில்லை. அதற்குப் பிறகு அம்மா ஏழு வருஷம் இருந்தாள். அவள் போன பிறகு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாளில் காரியம் செய்தேன்.