செபஸ்தியான் சாரின் வாலாட்டும் அம்புகள்

எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செபஸ்தியான் சாரின் படம் வந்தது. கையில் வில், முகம் நிறையச் சிரிப்பு. ஏதோ பரிசு வாங்கிவிட்டார் என்று நினைத்து இரண்டு பேர் 'வாழ்த்துகள்' போட்டுவிட்டோம். கீழே இருந்த வரியைப் பிறகுதான் படித்தேன். தூக்கத்திலேயே போய்விட்டாராம். சார் அந்த வாழ்த்தைப் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். எனக்குத்தான் அழுகை வந்தது.

திருக்காட்டுப்பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த வில்லைத் தெரியும். ஓய்வு பெற்றதும், மாட்டுக்கொட்டகையைப் பிரித்தபோது கிடைத்த பனஞ்சட்டத்தைச் செதுக்கி அவரே செய்தது. வில் அழகாகத்தான் வந்தது. அம்புதான் நேராகப் போகவில்லை. வாலை இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டு போய், அறுவடை முடிந்த வயலில் அவர் குறியாக வைத்த, மெஷின் சுருட்டிப் போட்ட வைக்கோல் கட்டைத் தாண்டி எங்காவது படுத்துக்கொள்ளும். பங்குச் சாமியார் ஒருநாள் வண்டியை நிறுத்தி, "அம்பால குத்துப்பட்ட புனிதரோட பேரை வச்சுக்கிட்டு நீங்களே அம்பு விடலாமா?" என்று கேட்டார்.

"கவலைப்படாதீங்க சாமி, என் அம்பு யாரு மேலயும் படாது" என்றார் சார்.

அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. நாணை முறுக்கிச் சுருக்குவார், தளர்த்துவார். நாணில் அம்பைப் பொருத்தும் இடத்தில் நூல் சுற்றி, அதை ஓர் அரிசி அளவு மேலே நகர்த்துவார், மறுநாள் கீழே நகர்த்துவார். மூங்கில் அம்பு விறைத்துக்கொண்டு ஒரு பக்கம் ஒதுங்கியது. ஆற்றங்கரை நாணல் அம்பு வளைந்து மறுபக்கம் போயிற்று. வாத்து இறகு கட்டாத வெறும் அம்பை விட்டு, அது எந்தப் பக்கம் சாய்ந்து குத்தியிருக்கிறது என்று மண்டியிட்டுப் பார்ப்பார். "இறகு கோளாறை மறைச்சுப் பொய் சொல்லும் தம்பி. மொட்டை அம்பு சொல்லாது" என்பார். என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும், "பையன் இறகோட பேசுறான்" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

அவர் மனைவி பிலோமினா அக்காதான் கெடு வைத்தார். "வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்குள்ள ஒரு அம்பாவது நேராப் போகணும். இல்லேன்னா இது வெந்நீர் அடுப்புக்குத்தாங்க." அக்கா சொன்னால் சொன்னதுதான். சார் முன்பு செய்த புறாக்கூட்டை எரித்து அந்த வீடே வெந்நீரில் குளித்திருக்கிறது.

மேட்டூர் தண்ணீர் வந்து வயலின் தலைமடை நனையத் தொடங்கிய மாலையில் சார் கடைசியாக விட்டார். அம்பு வாலாட்டிக்கொண்டே போயிற்று. அக்கா கையை நீட்டினார். வில்லைக் கொடுத்தபோது சாரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"எரிக்கிறதுக்கு முன்னால நானும் ஒருதரம் இழுத்துப் பார்க்கிறேனே" என்று அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டார். முக்கால்வாசிதான் இழுக்க முடிந்தது. நாணல் அம்பு நூல் பிடித்தது போல் போய் வைக்கோல் கட்டில் நின்றது. இன்னொன்று விட்டார். அதுவும் அப்படியே.

சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "முழுசா இழுத்தா நாணல் தாங்காம வளையுது. இவ இழுப்புக்குக் கச்சிதமா இருக்கு. வில்லுல கோளாறு இல்ல தம்பி, ஆளுதான் தப்பு!"

அதன்பிறகு ஒவ்வொரு கோடையிலும் அக்கா விட, சார் ஓடி ஓடி அம்பு பொறுக்கினார். "கொஞ்சம் தடிச்ச நாணல்ல பண்ணுனா உங்களுக்கும் நேராப் போகுமே சார்?" என்று ஒருமுறை கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தெரியும். உங்க அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

போன வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். வில்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "வயலுக்கு வர்றீங்களா தம்பி? அம்பு பொறுக்க ஆளில்ல" என்றார். வரப்பில் நடக்கும்போது அவரே பேசினார்.

"உங்களுக்கும் விடணும்னா தடிச்ச நாணலா வெட்டிக்கிட்டு வாங்க. இந்த அம்பு ஆம்பளை இழுப்புக்கு ஆகாது. அவருகிட்டயே சொல்லியிருப்பேன். அம்பைக் கொண்டாந்து குடுக்கிறப்ப அந்த மூஞ்சியில இருந்த சந்தோஷத்தைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன்."

நான் நாணல் வெட்டப் போவதில்லை. சார் விட்டுப்போன வேலை என்னிடம் இருக்கிறது. அக்கா விடுகிறார், அம்பு நேராகப் போகிறது, நான் போய் எடுத்து வருகிறேன்.