உறை போடாத கார்டுகள்

என் கொழுந்தனார் நாச்சியப்பனின் கருமாதி அன்று, அவர் சேர்த்து வைத்திருந்த விளையாட்டுக் கார்டுகளை வந்திருந்த பிள்ளைகளுக்கெல்லாம் நான் மனமுவந்து வழங்கியதாகக் காரைக்குடியில் பேசிக்கொள்கிறார்கள். வெளியூர்களிலிருந்தும் பாராட்டிச் செய்தி வருகிறது. அது தவறு. நான் வழங்கியவை அவருடைய கார்டுகள் அல்ல. என்னுடையவையும் அல்ல. வழங்கியதற்குக் காரணம் தாராளமும் அல்ல. இதைத் திருத்தாமல் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவும் எனக்கு மனம் வரவில்லை.

நாச்சியப்பனை அறிந்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகை எங்கள் உறவினர். அவர்களுக்கு அவர் கல்யாணம் செய்துகொள்ளாமல், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றிய மனிதர். இன்னொரு வகை, அவரோடு கார்டு மாற்றிக்கொண்டவர்கள். அவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு இன்னும் தெரியாது. நம் ஊர் மாத இதழ் இரு வகையினருக்கும் போகிறது என்று ஆசிரியர் சொன்னதால்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

அவர் இறந்த செய்தி வந்தபோது நான் தச்சரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். புதிதாகப் போட்ட தாழ்ப்பாள் நேராக இல்லை. தொலைபேசியில் தெரியாத ஒரு குரல், “நாச்சியப்பன் சாரோட அண்ணமிண்டிங்களா?” என்றது. எங்களில் அண்ணன் மனைவியை அப்படித்தான் அழைப்பார்கள். வெளி ஆள் ஒருவர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. மதுரையில் கார்டு மாற்றுகிறவர்கள் கூடிய இடத்தில் நாச்சியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். பேசியவர் ஆரோக்கியராஜ். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறார். “மன்னிச்சுக்கங்கம்மா. சார் உங்களை அப்படித்தான் சொல்வாங்க. உங்க பேரு எங்களுக்குத் தெரியாது” என்றார். என் கொழுந்தனார் என்னைப் பற்றி அத்தனை பேரிடம் பேசியிருக்கிறார். நான் அவரைப் பற்றி வெளியார் ஒருவரிடமும் பேசியதில்லை.

கார்டுகளை வைக்க அவருக்கு அறை கொடுத்தது நான் என்றும் சிலர் சொல்கிறார்கள். அதுவும் சரியல்ல. பெரிய வீடு பொதுவானது. உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை பங்கு. நாச்சியப்பன் ஓய்வு பெற்றபின் தன் பங்குக்கு வந்தார், அவ்வளவுதான். வேனிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்குவதைப் பார்த்து, பாத்திரம் என்று நினைத்தேன்.

“என்ன தம்பி கொண்டாந்திருக்கீக?”

“கார்டு, அண்ணமிண்டி.”

“யாரு வீட்டுக் கல்யாணக் கார்டு இம்புட்டு?”

“வெளையாட்டுக் கார்டு. கிரிக்கெட்டு, மல்யுத்தம், சினிமாக்காரங்க. மிட்டாய்க்குள்ள வருமே, அது.”

“அது பிள்ளைக தூக்கிப் போடுறதுல்ல?”

“தூக்கிப் போட்டதுனாலதான் அண்ணமிண்டி, இன்னைக்குக் கெடைக்க மாட்டேங்குது.”

பொருளைப் பத்திரப்படுத்துவதில் எனக்குப் பெருமை உண்டு. நான் படித்த கன்னியர் மடப் பள்ளியில் சிஸ்டர்கள் எங்கள் மேசையைத் திறந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நான் அதில் பின்தங்கியதே இல்லை. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுகள் இன்றும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. ஆகவே கார்டுகளை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நானே போனேன்.

“மேலச் சுவரு ஓதம் அடிக்கும், பாத்துக்கங்க.”

“அதுக்குத்தான் அலமாரியச் சுவத்துல ஒட்டாம ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கேன்.”

நான் கொண்டுபோயிருந்த அந்துருண்டைப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

“அது வேணாம் அண்ணமிண்டி, பிளாஸ்டிக்க இளக்கிரும். உறையும் கார்டும் ஒட்டிக்கிட்டா அப்புறம் பிரிக்க முடியாது.”

“எங்க பட்டெல்லாம் ஒட்டிக்கிச்சா?”

“பட்டுக்குத் தனித்தனியா பிளாஸ்டிக் உறையா போட்டு வச்சிருக்கீக?” என்று சிரித்தார்.

அவர் ஒழுங்கு இது. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மெல்லிய உறை. உறையோடு பெட்டியில் நிற்க வைப்பார், படுக்க வைக்கமாட்டார். இறுக்கி அடுக்கினால் முனை மடங்கும், தளர விட்டால் சாய்ந்து வளையும். “நிக்கிறவனுக்கு மூச்சு விட எடம் வேணும், படுக்க எடம் குடுத்துறக் கூடாது” என்பார். மாத்திரைப் புட்டிகளுக்குள் ஈரம் உறிஞ்சுவதற்கு ஒரு சிறிய பொட்டலம் இருக்குமே, வேலையில் இருந்த காலமெல்லாம் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தார். பெட்டிக்கு இரண்டு போட்டு, அவ்வப்போது எடுத்து வெயிலில் காய வைப்பார். முதலில் வகை, அதற்குள் ஆண்டு, அதற்குள் எண். கிடைக்காத எண்ணின் இடத்தில் பழைய கல்யாணப் பத்திரிகையைக் கார்டு அளவுக்கு வெட்டி, எண்ணைப் பென்சிலால் எழுதிச் செருகியிருப்பார். முப்பதாயிரம் கார்டு இருக்கும் என்பார். அந்த அறையில் தூசு இருந்து நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்றே பலமுறை போனேன்.

அவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். இளைஞர்கள், நரைத்தவர்கள், ஒருமுறை ஒரு குழந்தை மருத்துவர். எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அவர்களைப் பின்தெரு வழியாக வரச் சொல்லும்படி நாச்சியப்பனிடம் சொன்னேன். முன்வாசலில் பெரிய மனிதர்கள் வந்துபோகிறார்கள் என்று காரணமும் சொன்னேன். “அவங்களுக்கு எந்த வாசலும் ஒண்ணுதான் அண்ணமிண்டி. அலமாரி எங்குட்டு இருக்குன்னுதான் பாப்பாக” என்றார். மறுநாளிலிருந்து எல்லோரும் பின்வாசலில்தான் வந்தார்கள்.

இளையாத்தங்குடிக் கோயிலில் ஒருநாள் உறவுக்காரப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஒங்க கொழுந்தனாரு இன்னும் பம்பரந்தான் விடுறாகளா, இல்ல கோலிக்கு வந்துட்டாகளா?” என்றார் ஒருவர்.

“அடுத்து தொட்டில் வாங்கணும்” என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால், அர்ச்சனைத் தட்டோடு நாச்சியப்பன் நின்றிருந்தார். காரில் ஊர் திரும்பினோம். பாதி வழியில், “தொட்டில் வாங்கினா பெருசா வாங்குங்க அண்ணமிண்டி, காலை நீட்டணும்” என்றார். ஓட்டுநர் சிரித்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கருமாதி அன்று நடந்தது இது. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள், நல்லதானாலும் கெட்டதானாலும், வெறுங்கையோடு திரும்பக் கூடாது. பெரியவர்களுக்கு எவர்சில்வர் தூக்கு வாங்கி வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. அறை எப்போது காலியாகும் என்று பங்காளிகள் காலையிலிருந்தே என் காதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அது காலியானால் போதும் என்றிருந்தது. அறையைத் திறந்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி மேல் ஒரு பெட்டி. அதிலிருந்த கார்டுகளுக்கு மட்டும் உறை இல்லை. எங்கள் சாமான் அறையில் நல்லதைத் துணியில் பொதிந்து உள்ளே வைப்போம். கதவோரம் வெறுமனே கிடப்பது அன்றாடம் புழங்குவதற்கு, அல்லது யாருக்காவது கொடுப்பதற்கு. அந்தக் கணக்கில்தான் பார்த்தேன். கழித்துப் போட்டவை என்று நானே முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை.

பெட்டியை முன்கூடத்துக்கு எடுத்து வரச் செய்து, “எடுத்துக்கங்கப்பா, ஐயா நெனப்பா வச்சுக்கங்க” என்று என் கையாலேயே கொடுத்தேன். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் பிள்ளைகளெல்லாம் வாங்கினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த நாலைந்து பேர் தூணோரம் நின்றிருந்தார்கள். அன்றைக்கும் அவர்கள் பின்வாசலில்தான் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். ஆரோக்கியராஜுக்குக் கொடுத்தது பச்சை ஓரம் போட்ட ஒரு மல்யுத்த வீரர் கார்டு. இரண்டு கையாலும் வாங்கினார், கொஞ்ச நேரம் பார்த்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து ஆரோக்கியராஜ் தனியாக வந்தார். காப்பியை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, கதவோரம் ஒரு பெட்டி இருக்குமே...”

“அதைத்தான் பிள்ளைகளுக்குக் குடுத்தாச்சே தம்பி. மிச்சம் மீதிதானே அது?”

“அது சாரோடது இல்லம்மா.”

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். கார்டு மாற்றுகிறவர்கள் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். வந்த கார்டில் மடிப்பு உண்டா, முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, பதிலுக்குப் போன கார்டு எதிராளிக்கும் பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகே மாற்று முடியும். அதுவரை வந்த கார்டு அனுப்பியவருடையது. அந்தப் பெட்டியில் உறையில்லாமல் காத்திருக்கும். “உறை போட்டா நம்ம பொருள்னு கை நெனச்சுக்கும்னு சார் சொல்வாங்க” என்றார்.

“யாரு அனுப்புனதுன்னு எழுதி வைக்க மாட்டீகளா?”

“சாருக்கு அனுப்புறதுக்கு எதுக்கும்மா எழுத்து? அவங்களுக்கே ஞாபகம் இருக்கும்.”

“ஒங்களது ஏதாவது அதுல இருந்துச்சா?”

சட்டைப்பையிலிருந்து பச்சை ஓரக் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். இப்போது அதற்கு உறை போட்டிருந்தார். “இருந்துச்சு. என் கார்டையே எனக்கு நன்கொடையாக் குடுத்துட்டீங்க” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

“அப்பவே ஏன் தம்பி சொல்லலை?”

“துக்க வீட்டுல, அத்தனை பேரு முன்னாடி, உங்க கையைப் பிடிச்சு நிறுத்தச் சொல்றீங்களா?”

அவர் வந்தது தன் கார்டுக்காக அல்ல. அனுப்பியவர்கள் அவரிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். “சார் வித்துட்டாரான்னு ஒருத்தர் கேட்டாரும்மா. கேட்டவரைத் திட்டிட்டேன். எத்தனை பேரைத் திட்ட முடியும்?” என்றார்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. நம்பி ஒப்படைத்ததில் கை வைக்காத வீடு இது என்று மருமகளாக வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன், மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அதன்படி நடந்த என் கொழுந்தனார் பின்வாசலில் வந்தவர்களோடு உட்கார்ந்திருந்தார். நான் முன்கூடத்தில் நின்று அடுத்தவர் பொருளை எடுத்துக் கொடுத்துப் பாராட்டு வாங்கிக்கொண்டேன். என் பெயர் கெட்டால் அது எனக்கு வேண்டியதுதான். கெடுவது நாச்சியப்பன் பெயர். அதற்காக வந்து வாதாட அவர் இல்லை.

மறுநாளிலிருந்து உறவினர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். “ஒரு அட்டைக்கா ஆச்சி போனு?” என்றார் ஒருவர். “ஃப்ரிட்ஜுல பசை போட்டு ஒட்டிட்டான் ஆச்சி, பிச்சா கிழிஞ்சிரும். கதவோட கழட்டி அனுப்பவா?” என்றாள் ஒரு மருமகள். அனுப்பு என்றேன். கதவு வரவில்லை, கார்டின் படம் வந்தது. கொஞ்சம் கார்டுகள் திரும்பி வந்திருக்கின்றன. பெரும்பகுதி வரவில்லை. யார் எதை எடுத்தார்கள் என்று எனக்கே தெரியாது.

அறையைக் காலி செய்யப் போவதில்லை என்று பங்காளிகளிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெட்டியின் கணக்குத் தீரும்வரை அது நாச்சியப்பனின் பங்கு. ஆரோக்கியராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அலமாரியைப் பார்த்துக்கொள்கிறார். முன்வாசலில் வருகிறார். நானே கதவைத் திறக்கிறேன்.

நாச்சியப்பனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது ஒரு பழக்கம். பிறர் அனுப்பிய கார்டைத் தொடும் முன் கை கழுவுவார். துடைத்த பிறகும், கையில் ஈரம் முழுவதும் போகும்வரை விரல்களை விரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நேரத்தை வீணாக்குகிறார் என்று நினைப்பேன். திரும்பி வந்த கார்டுகளை எடுக்கும் முன் இப்போது நானும் அப்படி உட்காருகிறேன். அந்த நேரத்தில் வேறு எதையும் நினைக்க முடிவதில்லை, கோயிலில் சிரித்த சிரிப்பைத் தவிர.

இனி என் வேண்டுகோள். கருமாதி அன்று என் கையால் கார்டு வாங்கியவர்கள் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். நாச்சியப்பனுக்குக் கார்டு அனுப்பிவிட்டு மாற்று முடியாமல் இருப்பவர்கள், எந்தக் கார்டு, அதற்குப் பதிலாக எதைக் கேட்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் கார்டு கிடைக்காவிட்டால், அதற்கு ஈடாக அவர் அலமாரியிலிருந்து நீங்கள் கேட்கும் கார்டை எடுத்துத் தருவேன். நீங்கள் சொல்வதே போதும், வேறு ஆதாரம் கேட்கமாட்டேன். கார்டு கிழிந்திருந்தாலும் தொலைந்திருந்தாலும் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தொலைபேசியில் வேண்டாம், கேட்டதை என் விருப்பத்துக்கு மாற்றி நினைத்துக்கொள்வேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. இந்த இதழின் முகவரிக்கு, உங்கள் பெயரோடு, எழுத்தில் பதில் அனுப்புங்கள்.