லயத்துக்கெல்லாம் ஒரே ஈமெயில்

இன்று காலை தலவாக்கலையில் போன், இன்டர்நெட் வசதியுள்ள என் கொமியுனிகேஷன் கடைக்குச் செல்வி வந்தாள்.

"அண்ணே, கலா நேத்து இன்டர்வியூ போயிட்டு வந்துட்டா. எனக்கு இன்னும் மெயில் வரலீங்களா?"

இருவரும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு என் கடையில் உட்கார்ந்துதான் விண்ணப்பித்தார்கள். லயத்தில் யாருக்கும் சொந்த ஈமெயில் கிடையாது. எல்லோரும் கடையுடையதைத்தான் கொடுப்பார்கள்.

கம்பனிக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டர் பிரிவில் ஒருவர் பொறுமையாகவே விளக்கினார்.

"விண்ணப்பங்களை, தானா மெயில் அனுப்புற சேவையோட இணைச்சிருக்கிறம் தம்பி. ஒரு விலாசத்துக்கு ஒருக்காத்தான் போகும். ரெண்டாவதை, அதே ஆள் திரும்பப் போட்டதெண்டு நிப்பாட்டிடும். அந்தப் பிள்ளையின்ர பேரும் தெரிவானவங்கட பட்டியல்ல இருக்குது. ஆனா இன்டர்வியூ நேற்றோட முடிஞ்சுது."

செல்வியிடம் சொன்னேன்.

"அப்ப என்னையும் கூப்பிட்டுதான் இருந்திருக்காங்க."

"ஆமாம்மா."

"கலாகிட்ட சொல்லாதீங்கண்ணே. சந்தோஷமா இருக்கா."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

லயத்து வீடுகளுக்கு இலக்கம் இல்லாததால் நம் கடிதங்களும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் மொத்தமாக வருகின்றன. இணையத்திலாவது ஆளுக்கொரு விலாசம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இதைப் படிக்கிற தோட்டத்து மக்களில் யார் வீட்டுக் கதவிலாவது இலக்கம் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.