பாடி லாரிக்குத்தான்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இன்னொருவரைப் பற்றி எழுத வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நான் பெயின்டர். வடநாட்டு வெல்டர் ஒருவர் கரண்ட் அடித்து இறந்த அன்று, செய்தி கேட்டு, பக்கத்துத் தெரு மடத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரி வந்தார். குள்ளமான உருவம், வெளுத்த சாம்பல் நிறச் சேலை, ரப்பர் செருப்பு. வாட்ச்மேனிலிருந்து முதலாளிவரை எல்லோரிடமும் முதலில் அவரவர் பெயரைத்தான் கேட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், ஆம்புலன்ஸ் வந்ததும் பாடிய எடுத்துரலாமுங்க" என்றேன்.

"பாடி லாரிக்குத்தானுங்க. இவரு கடவுளோட சாயலுங்க. பேரு என்னங்க?"

இரண்டு வருடம் அந்த வெல்டர் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன். "இந்திக்காரன்னுதான் கூப்புடுவோமுங்க."

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, இறந்தவரின் கையில் இருந்த கரியை முந்தானையால் துடைத்தார்.

"வெளியூர்ல இருந்து வந்தவன் நாந்தான்னு எங்க சாமி சொல்லியிருக்காருங்க. ஒரு நாளாவது நான் வந்து இவரு பேரக் கேட்டிருக்கோணுமுங்க" என்று அழுதார்.

தப்பு எங்களுடையது. அவர் ஏன் அழுதார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

மறுநாள் அந்த இடத்தில் புது வெல்டர் நின்றார். கூச்சத்தில் அவர் பெயரையும் நான் கேட்கவில்லை.