பெரியம்மாவின் முற்றுகை

என் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாப் போருக்குப் போய் அங்கே காணாமல் போனவர். காணவில்லை என்பது ராணுவத்தில் ஒரு பதவி மாதிரி. அதிலிருந்து ஓய்வு கிடையாது. பெரியம்மா காரைக்காலில் எங்களோடுதான் இருந்தார், பதினெட்டு வருடமாக, நெற்றியில் குங்குமத்தோடு.

பெரியப்பா இருந்த முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர் ஒருவர் எங்கள் தெருவில் உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை ஊரில் சொல்தா என்பார்கள்; எனக்கு அவர் சொல்தா மாமா.

"சண்டைன்னா பீரங்கின்னு நெனச்சுக்காத பாப்பா. அவன் மலையில சுத்தி உக்காந்துக்கிட்டான். தெனம் கொஞ்சம் கிட்ட பள்ளம் வெட்டிக்கிட்டு வந்தான். எங்களுக்குச் சோறு வராது, மருந்து வராது, தூக்கம் வராது. நாங்க தோக்கல. அலுத்துப் போனோம்."

பெரியம்மாவுக்குப் பிரான்சின் ராணுவ அலுவலகத்திலிருந்து ஆண்டுக்கொரு படிவம் வரும். அதில் இரண்டு கட்டங்கள். கணவருக்காகக் காத்திருப்பவர் முதலாவதில் கையெழுத்திட்டுப் புதிதாக ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். இறந்ததாக ஒப்புக்கொள்பவர் இரண்டாவதில் கையெழுத்திட்டால் போதும், இணைப்பு எதுவும் தேவையில்லை. ஒரு வருடம் திருமணப் பதிவின் நகல் கேட்டார்கள். அடுத்த வருடம் இரண்டு சாட்சிகள். பிறகு அந்தச் சாட்சிகள் உயிரோடிருப்பதற்குச் சான்று.

பின்னாளில் நானும் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் இதே மாதிரிக் கடிதங்கள் எழுதி ஓய்வு பெற்றேன். நடைமுறை எளிது. யாரையும் மறுக்கக் கூடாது. மறுத்தால் சண்டைக்கு வருவார்கள். இன்னுமோர் ஆவணம் கேட்டால் போதும்.

விடுப்பெல்லாம் இதற்கே போய்விட்ட அப்பா ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "அண்ணி, இந்த வருஷத்தோட முடிச்சுக்குங்களேன்."

"நீங்களும் அந்தப் பக்கம் சேந்துட்டீங்களா தம்பி?"

அந்த வருடப் படிவத்தைப் படித்துச் சொன்னது நான். எனக்குப் பத்து வயது, பள்ளியில் பிரெஞ்சில் முதலாவது.

"பெரியப்பாவ யாராச்சும் சமீபத்துல பாத்தாங்களா, பாத்திருந்தா அவங்க எழுதித் தரணுமாம்."

பெரியம்மா படிவத்தை வாங்கி இரண்டு கட்டங்களையும் பார்த்தார். பிறகு, "எதுல கையெழுத்துப் போட்டா இந்தக் கடுதாசி இனிமே வராது?" என்றார்.

இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டார்.

நான் சொல்தா மாமாவிடம் ஓடினேன். "நாங்க ஜெயிச்சுட்டோம் மாமா. இனிமே கடுதாசி வராது." அவர் என்னைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை பெரியம்மா குளித்துவிட்டு வந்தார்.

"பொட்டு வைக்க மறந்துட்டீங்க, பெரியம்மா" என்று குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினேன்.